சிவமணியின் கணவன் கரைசேர்ந்த கதை

கொட்டாஞ்சேனையில் ஒரு வதந்தி. நாவல் பாடத்துக்கு டியூஷன் கொடுக்கும் வலன்ரைன் சேர், அந்த நாவலை முழுதாக வாசித்ததே இல்லையாம். விசாரித்துப் பார்த்ததில் இது பாதி அபாண்டம். மனுஷன் வாசித்திருக்கிறார், அதுவும் பல தடவை. கடைசி அத்தியாயத்தைத் தவிர.

பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்த பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை. நாவலோ அச்சில் இல்லை; பாடத்திட்டத்தில் மட்டும் இருந்தது. அதில், கடலுக்குப் போன கணவனுக்காகச் சிவமணி என்ற பெண் காத்திருக்கிறாள். அவள் காத்திருக்கும்போதே புத்தகம் அறுந்துவிடுகிறது. பிள்ளைகளை அந்தரத்தில் விட முடியுமா? துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், லீவுக் கடிதம் தவிர வாழ்நாளில் எதையும் கற்பனை செய்து எழுதாதவர், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, வகுப்பு நோட்ஸில் முடிவை எழுதினார். புயலில் தப்பிய கணவன் விடியலில் கரைசேர்ந்தான். சிவமணி விளக்கைக்கூட அணைக்காமல் ஓடினாள். வகுப்பில் பிள்ளைகள் அழுதார்கள். சேரும் கொஞ்சம்.

அந்த நோட்ஸ் போட்டோகொப்பியாகி, பஸ் ஏறி, வெள்ளவத்தைக்கும் போய்ச் சேர்ந்தது. பாடசாலை ஆசிரியர்களும் அதை வைத்தே விடைத்தாள் திருத்தினார்கள். நோட்ஸ் இருக்கும்போது நாவல் எதற்கு?

வினை ரொஷேல் வடிவில் வந்தது. மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை, சேரின் மாணவி. மாமி வீட்டு அலுமாரியில் முழுப் புத்தகத்தையும் கண்டெடுத்து, வாசித்து, தவணைச் சோதனையில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். கணவன் வரவே இல்லை. சிவமணி கதவைச் சாத்திவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தனியே உண்கிறாள்.

அந்தக் கேள்விக்குப் பாடசாலையில் பத்மாவதி டீச்சர் போட்டது முட்டை. அரசாங்கம் வைக்கும் பெரிய சோதனைக்கும் இதே நாவல்தான். ரொஷேல் புத்தகத்தோடு சேரிடம் வந்தாள்.

"சேர், நீங்க வந்து மிஸ்ஸிட்ட ஒருக்காச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவர் எழுதிய ஒரே கதை அது. அதைத் தானே போய்க் கொல்ல வேண்டும். போனார். ரொஷேல் தந்த புத்தகத்தைப் பத்மாவதி டீச்சர் முன் விரித்து வைத்தார்.

"மிஸ், நோட்ஸில இருக்கிற முடிவு நான் எழுதினது."

பத்மாவதி சிரித்தார். "சும்மா பகிடி விடாதேங்கோ சேர். அவ்வளவு வடிவா நீங்கள் எழுதுவியளோ?"

"புத்தகத்தைப் பாருங்க."

பார்த்தார். "இது பழைய பதிப்பா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பிள்ளை சரியெண்டா மற்றப் பிள்ளையள் எல்லாரும் பிழை. தாய் தேப்பன் வந்து நிண்டா நீங்களோ பதில் சொல்லுறது? பெரிய சோதனை பேப்பர் திருத்துறதும் எங்களைப் போல ஆக்கள்தானே சேர்."

உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்து வந்தவர் அவர். சொன்ன பிறகும் அது யாருக்கும் தேவைப்படாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதைவிட, தன்னால் அவ்வளவு வடிவாக எழுத முடியாது என்ற தீர்ப்பு வேறு நெஞ்சில் முள்ளாக நின்றது.

பஸ் தரிப்பில் ரொஷேல் நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"பழைய பதிப்பாம்."

"அப்ப பெரிய சோதனையில என்னத்த எழுத? அவன் வந்தானா, வரல்லியா?"

சேர் புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மட்டக்குளி பஸ் வந்து நின்றது.

"அடுத்த வகுப்பில சொல்றன் மகள்."

அடுத்த வகுப்பும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. சேர் இப்போது கவிதைப் பகுதியை இழுத்து இழுத்து நடத்துகிறார். ரொஷேல் முன்வரிசை வாங்கில் இருக்கிறாள், திரும்பக் கேட்கவில்லை. சோதனைக்கு அனுமதி அட்டையும் வந்துவிட்டது. அந்த ஒரு பதில் மட்டும் இன்னும் பாக்கி.