கலங்கிய தண்ணீரில் காலை யார் பார்த்தது

போன வாரம் தேங்காய் உடைக்கும்போது கை தவறி உள்ளங்கையில் ஒரு வெட்டு. மருந்துக்கடையில் கட்டுத்துணி வாங்கி உறையைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. உங்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனையாக இருக்கும். எனக்கு அது நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய இடத்தின் வாசனை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் கணக்கு எழுதுவேன், லோடு ஏற்றுவேன், முதலாளி வீட்டுக்குக் காய்கறியும் வாங்கிக் கொடுப்பேன். இது அத்தனைக்கும் சேர்த்து சூப்பர்வைசர் என்று பெயர்.

அந்தக் கூடத்தில் இழை விட்டது, கறை பட்டது என்று கழித்துப் போட்ட துணி மூலையில் குவிந்து கிடக்கும். அதில் ஒரு சுருளைக் கேட்டு வாங்கி, மடித்துத் தைத்து, கோல் வலையாக்கினேன். வாட்டர் போலோவுக்குக் கோல் வலை. உலகத்திலேயே பேண்டேஜ் துணியில் வலை கட்டி ஆடிய கிளப் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பந்து கொஞ்சம் வேகமாக வந்தால் கிழிந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி தைக்க வேண்டும். நான்தான் கோல்கீப்பர் என்பதால், நான் விட்ட பந்துகள் கிழித்ததை நானே தைத்தேன். நியாயமான ஏற்பாடுதான்.

ராஜபாளையத்தில் வாட்டர் போலோவா என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். போலோ என்றதும் எங்கள் தறிக்கூட மெக்கானிக் ஒருவர், குதிரை எப்படித் தண்ணிக்குள்ள மூச்சு விடும் என்று கவலைப்பட்டார். இந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவன் அருள்தாஸ். சென்னையில் படிக்கும்போது கல்லூரி நீச்சல்குளத்தில் ஆடியவன். படிப்பு முடிந்து செல்போன் டவர் பராமரிக்கும் வேலையில் ஊருக்கு வந்தபோது, பெட்டியில் ஒரு மஞ்சள் பந்தும் வந்தது. எங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவன். நீச்சல்குளத்துக்கு எங்கே போவது? கண்மாய் இருந்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு கண்மாய். அய்யனார் கோவில் மலைப்பக்கம் நல்ல மழை பிடித்தால் ஐப்பசி கடைசியில் தண்ணீர் வந்துவிடும். மாசி வரை ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து அருளும் அவன் அக்கா ஸ்டெல்லாவும் வரவேண்டும், அதற்குப் பிறகுதான் ஆட்டம். சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த விவசாய வீட்டுப் பையன்கள் எல்லாம் காலையிலேயே கரையில் உட்கார்ந்து, இன்றைக்குப் பிரசங்கம் எம்புட்டு நேரமோ என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள். சர்ச் வாசலையே மிதிக்காத அவர்களுக்கு எந்தப் பாதிரியார் சுருக்கமாகப் பேசுவார், யார் இழுப்பார் என்பது அத்துபடி.

ஸ்டெல்லாக்கா ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவர்தான் எங்கள் ரெஃப்ரி. மடைச்சுவரில் குடையும் விசிலுமாக உட்கார்ந்துகொள்வார். எங்களில் யாருக்கும் அவரை எதிர்த்துப் பேசத் தைரியம் கிடையாது. ஆனால் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. வாட்டர் போலோவில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. மிதந்தபடியேதான் பந்தைப் பிடிக்க வேண்டும், எறிய வேண்டும். நீச்சல்குளத்தில் தெளிந்த தண்ணீர், பார்த்துவிடலாம். எங்கள் கண்மாய்த் தண்ணீரோ டீ மாதிரி இருக்கும். இடுப்புக்குக் கீழே யார் கால் எங்கே இருக்கிறது என்பது அந்தக் காலுக்குச் சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதனால் அருள் ஒரு விதி வைத்தான். கால் தரையில் பட்டால், பட்டவனே கையைத் தூக்கி "தரை" என்று சொல்லிவிட்டுப் பந்தை விட்டுவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் படவில்லை என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் ரெஃப்ரி ஒருதரம் கேட்கலாம். அவன் சொன்ன பதில்தான் முடிவு. இரண்டாவது தரம் யாரும் கேட்கக் கூடாது.

இந்த விதி இரண்டு வாரத்தில் கந்தலாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். ஆகவில்லை. பந்து கையில் இருக்கும்போது, கோல் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, "தரை" என்று ஒருத்தன் கையைத் தூக்குவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாகவே இருக்கும். ஒல்லியாக ஒரு பையன் இருந்தான், பாசி உரசினால்கூடப் பயந்துபோய்த் தரை என்று கத்திவிடுவான். அவனிடம் மட்டும் ஸ்டெல்லாக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்பார். அந்தச் சொல் கண்மாயை விட்டு வெளியேயும் வந்துவிட்டது. பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டுத் தரை என்றார்கள். எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா காலியானதை அம்மா கேட்டபோது நானும் கையைத் தூக்கித் தரை என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முறுக்கு போனது மட்டும் புரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களைப் பார்த்து இன்னொரு கூட்டம் ஆரம்பித்தது. அதன் கேப்டன் வேல்முருகன், மினி பஸ் கண்டக்டர். இதே விதியை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். தை மாதம் இரண்டு ஊருக்கும் ஒரு போட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் என்றால் பால்கோவாவோடு வருவார்கள் என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படி நினைத்து ஏமாந்தோம். அவர்கள் கொண்டுவந்தது காராச்சேவு. ஆட்டம் முடிந்து ஈரக்கையோடு இரண்டு டீமும் ஒரே தாளில் இருந்து அள்ளித் தின்போம்.

எங்கள் டீமில் உயிர் என்றால் குருசாமிதான். சுந்தரபாண்டியத்துப் பையன், கிணற்றில் நீந்திப் பழகியவன், அதிகம் பேசமாட்டான். தண்ணீருக்குள் காலை உதைத்து அவன் எழும்பினால் பாதி உடம்பு மேலே வந்துவிடும். பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் அப்பாவோடு வயலில் இருந்தான். அந்த வருடப் போட்டிக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து விளையாட்டு ஆசிரியர் ஒருவரை ஸ்டெல்லாக்கா வரவழைத்திருந்தார். குருசாமியின் ஆட்டம் பிடித்திருந்தால் விளையாட்டுப் பிரிவில் சீட் கிடைக்கும்.

போட்டியன்று நாங்கள் வழக்கமாக ஆடும் பக்கத்தில் காற்றடித்து ஆகாயத்தாமரை வந்து அடைந்துவிட்டது. ஒரு பக்கத்துக் கோலைப் பிடுங்கி, மேற்கே தள்ளி மூங்கில் ஊன்றினோம். அங்கே ஆழம் குறைவு. அடிக்கடி தரை, தரை என்று கேட்டது. கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் சமம். அப்போது அந்தக் கோல் முன்னால் குருசாமிக்குப் பந்து வந்தது. தடுக்கப் போனது வேல்முருகன். போனவன் கையைத் தூக்கித் தரை என்று சொல்லி நின்றுவிட்டான், அவன் கால் பட்டுவிட்டது. அதே நொடியில் குருசாமி இடுப்பு தெரிய எழும்பி அடித்தான். நான் தைத்த வலை கிழிந்தது.

நான் எதிர்ப்பக்கக் கோலில் நின்றேன். எனக்கு அவன் தோளும் பந்தும் மட்டும்தான் தெரிந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள் சத்தம் போட்டார்கள். வேல்முருகன் நின்ற இடத்துக்கும் குருசாமி இருந்த இடத்துக்கும் ஒரு கை தூரம். வேல்முருகன் கால் தட்டியது, அவனைவிட நெட்டையான குருசாமி கால் எப்படித் தட்டாமல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஊன்றாமல் அவ்வளவு உயரம் எழும்ப முடியுமா என்றும் கேட்டார்கள். ஸ்டெல்லாக்கா மடைச்சுவரில் எழுந்து நின்று கேட்டார்.

"குரு, கால் பட்டுச்சா?"

"படலக்கா."

அவர் விசில் ஊதிக் கோல் கொடுத்தார். வேல்முருகன் இரண்டாவது தரம் கேட்கவில்லை. தன் பையன்களையும் அடக்கிவிட்டு, வந்து குருசாமிக்குக் கை கொடுத்தான். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குக் காராச்சேவு மிஞ்சியது.

வெளியூர் ஆசிரியர் சீட் உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு டீமும் கலைந்த பிறகு, கரையில் நானும் அருளும் குருசாமியும் மட்டும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அருள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஏலே, நமக்குள்ள சொல்லு. பட்டுச்சுல்ல?"

குருசாமி சுருட்டுவதை நிறுத்தினான். கையில் இருந்த வலையைக் கீழே வைத்தான். தலைகூடத் துவட்டாமல் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டான். மூங்கிலைப் பிடுங்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு குருசாமி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கல்லூரிக்கும் போகப்போவதில்லை, பொய் சொல்லி வாங்கின சீட்டு என்று பேசுவார்கள் என்று ஸ்டெல்லாக்காவுக்குச் சொல்லி அனுப்பினான். ஒருநாள் அவன் அப்பா தறிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். கோல் போட்டான், ஜெயித்தோம் என்றேன். ஜெயிச்சவன் எதுக்குய்யா சோறு திங்காம கெடக்கான் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்.

பங்குனியில் கண்மாய் வற்றியது. வேல்முருகனின் மினி பஸ் அந்தக் கரை வழியாகத்தான் தினமும் போகும். தண்ணீர் இறங்க இறங்க, நாங்கள் விட்டுவந்த மூங்கில்கள் உயர்ந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். ஒருநாள் மூங்கிலுக்கு முன்னால் தரை ஒரே மட்டமாக இல்லாதது போலத் தெரிந்திருக்கிறது. பஸ் நிறைய ஆள். செத்த நேரம் நிறுத்துங்கண்ணே என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பை தோளில் தொங்கத் தொங்கக் கண்மாய்க்குள் ஓடினான். போன கோடையில் வண்டல் மண் அள்ளிய டிராக்டர்கள் அங்கே ஒரு பள்ளத்தை விட்டுப் போயிருந்தன. அன்றைக்குக் குருசாமி பந்தை வாங்கிய இடம். வேல்முருகன் அதில் இறங்கி நின்றான். மூங்கிலில் பழைய நீர்மட்டத்தின் பாசிக்கோடு இருந்தது. அந்தக் கோடு அவன் தலைக்கு மேலே, எட்டிக் கை நீட்டித் தொடும் உயரத்தில் இருந்தது. அன்றைக்குத் தன் கால் தட்டிய விளிம்பில் ஏறி நின்றால் அதே கோடு நெஞ்சுக்கு வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கண்டக்டருக்குப் புத்தி பிசகிவிட்டதென்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அன்று மாலையே அவன் ராஜபாளையம் வந்து அருளைப் பார்த்தான். மறுநாள் நானும் சேர்ந்து மூவரும் சுந்தரபாண்டியம் போனோம். குருசாமி வெண்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். வேல்முருகன் வரப்பிலேயே நின்று விஷயத்தைச் சொன்னான்.

"எனக்குப் பட்டுச்சு, ஒனக்கும் பட்டிருக்கும்னு நெனச்சுட்டேன்லே. எம் பயலுவள்ட்டயும் அப்படித்தான் சொன்னேன். இப்ப அம்புட்டுப் பேருகிட்டயும் மாத்திச் சொல்லிட்டுத்தான் வாரேன்."

குருசாமி சிரித்தான். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகுதான் அருளைப் பார்த்தான். சிரிப்பு போயிருந்தது.

"அண்ணே, நீங்க பள்ளத்த நம்பி வந்திருக்கிய. என்னைய நம்பி வரலியே."

அருள் மறுக்கவில்லை. ஆமாலே என்றான், அவ்வளவுதான். பாத்தியில் தண்ணீர் நிறைந்து வரப்பைத் தாண்டத் தொடங்கியதும் குருசாமி போய் மடையை மாற்றிவிட்டு வந்தான். பிறகு, வெயில் ஏறிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றான். கம்மங்கூழும் வெங்காயமும். அருள் தலையைக் குனிந்தபடி இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

அடுத்த ஞாயிறு அருள் இரண்டு டீமையும் காய்ந்த கண்மாய்க்கு வரச் சொன்னான். பள்ளத்தைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் பள்ளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. விதியை வைத்தவன் நான், இரண்டாவது தரம் கேட்டவனும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அது அதுவரை எனக்கும் குருசாமிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். சொல்லாமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. கேப்டன் பொறுப்பை வேறொருத்தனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் முழுக்க வெறும் ஆட்டக்காரனாக ஆடினான்.

குருசாமி கல்லூரியில் சேர்ந்தான். பஸ் ஏற்றிவிட அருள்தான் போனான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தீபாவளி லீவில் குருசாமி வந்தபோது கண்மாய் நிறைந்திருந்தது. தண்ணீரில் இறங்கியதும் அருள் முதல் பந்தை அவனுக்குத்தான் எறிந்தான். அவன் வாங்கித் திரும்ப எறிந்தான். 

அப்புறம் இரண்டு வருடம் நன்றாக ஆடினோம். அதன் பிறகு மழை ஏமாற்ற ஆரம்பித்தது. ஒரு வருடம் முழங்கால் தண்ணீர், மறு வருடம் அதுவும் இல்லை. சீமைக்கருவேலம் நடுக்கண்மாய் வரை ஏறியது. ஸ்டெல்லாக்கா கல்யாணமாகி நாகர்கோவில் பக்கம் போனார். டவர் வேலை அருளை ஒடிசாவுக்குக் கொண்டுபோயிற்று. குருசாமிக்கு வெளியூரில் போலீஸ் வேலை. மினி பஸ் ஓடவில்லை என்று வேல்முருகன் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டான். தறிக்கூடத்தை மூடியதும் நானும் திருப்பூருக்கு வந்துவிட்டேன்.

கிளப்பைக் கலைக்கிறோம் என்று யாரும் எங்கும் சொல்லவில்லை. தண்ணீர் வந்ததும் கூடுவோம் என்று சொல்லித்தான் பிரிந்தோம். பல வருடம் கழித்து ஒரு கார்த்திகையில், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவன் கரைப்பக்கம் நடந்தேன். நல்ல மழை. முள்மரத்தை எல்லாம் வெட்டி, கண்மாயைத் தூர் வாரியிருந்தார்கள். கண்மாய் நிறைந்து மறுகாலில் வழிகிற சத்தம் ரோடு வரை கேட்டது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்ற ஒருத்தரும் இல்லை.