தூங்கத் தெரிந்த சிப்: ஜாலான் புசாரில் நான்கு நாள்

பதினெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கிணற்று நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை பதியும் எங்கள் கருவியில் பாட்டரி எட்டு நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. அது மூன்று மாதம் தாங்கத் தொடங்கியதற்காகப் பொன்னாடை வாங்கியவர் எங்கள் மேலாளர். வழி கண்டுபிடித்தவர் வேறொருவர். சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று வழி விவரங்களோடு எழுதுகிறேன்.

1989 பிப்ரவரி, வியாழக்கிழமை. மதராசிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ஜாலான் புசார் பதினெட்டு கிலோமீட்டர், டாக்சி பதிமூன்று வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அறை முப்பத்தைந்து வெள்ளி. ஜன்னல் இல்லை, சுத்தம் உண்டு. சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பத்து நிமிட நடை.

மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. சிப்தான் பாட்டரியைக் குடித்தது. "குறைவாகக் குடிக்கிற சிப்போடு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே" என்று சொல்லி அனுப்பியிருந்தார் மேலாளர். இரண்டு நாள் கடை கடையாக ஏறியும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மாடியிலிருந்த ரிப்பேர் கடையைக் காட்டினார். அங்கே இருந்தவர் ஸ்டெல்லா அக்கா. நாற்பது வயதிருக்கும். கருவியைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"வேற சிப் எதுக்கு தம்பி? வேணாம் லா. இதுக்கே தூங்கத் தெரியும். நீங்கதான் தூங்க விடாம வெச்சிருக்கீங்க."

அந்தச் சிப்புக்கு மூன்று நிலைகள்: முழு விழிப்பு, சட்டென்று எழக்கூடிய அரைத் தூக்கம், எல்லாம் அணைந்த முழுத் தூக்கம். அதைத் தீர்மானிக்கும் கம்பிக்கால் ஒன்று சிப்பில் உண்டு; அதை நாங்கள் நிரந்தரமாக விழிப்பில் பற்றவைத்திருந்தோம். காரணம், எழுந்ததும் தரும் முதல் அளவு தப்பாக வந்தது. எடுத்த அளவை அடித்து நீக்கக்கூடாது என்பது கல்லூரி ஆய்வகத்திலிருந்து எங்கள் அலுவலகப் பதிவேடு வரை தொடர்ந்த சட்டம்.

"முதல் அளவைத் தூக்கிப் போடுங்க."

"அது பொய் எழுதறது இல்லையாக்கா?"

"தூங்கி எழுந்த மனுஷன்கிட்ட பல் தேய்க்கறதுக்கு முன்னாடி வாய்ப்பாடு கேட்டா என்ன சொல்வான்? கொஞ்சம் விட்டு, ரெண்டாவதா சொல்றத எழுதுங்க. உங்க ஆபீஸ் பெரியவர் திட்டினா, சிங்கப்பூர் ஆன்ட்டி சொன்னாங்கன்னு சொல்லுங்க!"

பற்றவைப்பை எடுத்து, மெல்லிய கம்பியால் அந்தக் காலைக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்தார்; இனி பலகையே சிப்பை மணிக்கு ஒருமுறை எழுப்பித் தூங்க வைக்கும். ஐந்து மில்லி ஆம்பியரில் நின்ற முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. நான் மீட்டரைத் தட்டினேன்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

அத்தனை அழகான வேலையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

கருவியைப் புக்கிட் பாத்தோக்கிலிருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் அவர் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்கு நானும் போனேன். இரண்டு பஸ், ஒரு மணி பத்து நிமிடம். சமையலறையில் ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் நீர்மட்டம் அளக்கும் எங்கள் உணரி. பதினெட்டு மணி நேரத்தில் பதினெட்டு அளவு, எல்லாம் ஒன்றே.

போகிறவர்களுக்கு: ஞாயிறு பல கடைகள் திறக்காது, சனிக்குள் முடியுங்கள். சிப்பின் விவரத்தாளைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். தூக்கத்திலிருந்து எழ எவ்வளவு நேரமாகும் என்பது அங்கேதான் இருக்கும்.

இந்த விலைகளைச் சரிபார்க்க என் பழைய பயண அறிக்கையை நேற்று எடுத்தேன். டாக்சிக் கட்டணம்கூட இருக்கிறது. "வழிமுறை கண்டு பரிசோதித்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. ஸ்டெல்லா என்ற பெயர் எங்கேயும் இல்லை. பொன்னாடை வாங்கிய மேடையில் மேலாளர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேசினார்.

இந்தப் பதிவின் கீழும் வழக்கம்போல் என் பெயரைத் தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். பெயர் இல்லாமலே போடுகிறேன்.