பிரெசில்லாவின் வெள்ளைத் துணி

துணிக்கீற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை விரலைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுகிறார் பிரெசில்லா. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிக் கட்டு. உடம்பில் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்கு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கடலுக்கடியில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் பாசியைப் பிடுங்கும்போது கை கிழியாமல் இருக்கத்தான் இந்தக் கட்டு. தங்கச்சிமடத்துக் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் எல்லோரும் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கும்வரை புனித அந்தோணியாரோடு பேரம் பேசுகிறவர் இவர் ஒருவர்தான்.

பேரம் என்றால் மீன் ஏலத்தில் நடக்கிற அதே பேரம். காற்று அடங்கினால் மெழுகுதிரி. மூட்டுவலி குறைந்தால் செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி. சாக்கு நிறையாத நாளில் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. "தண்ணி கலங்கிக் கெடக்கு, ஒண்ணும் தெரியல. மெழுகுதிரி நாளைக்குத்தான், பாத்துக்கிரும்" என்று கரையில் அந்தோணியார் சிலை நிற்கும் கெபியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஈரச் சட்டையோடு நடையைக் கட்டுவார்.

இவர் வீட்டில் பழந்துணி தங்காது. புடவை, கைலி, தலையணை உறை, எது நைந்தாலும் விரல்கட்டுக்குப் போய்விடும். வாத்தியார் வேலைக்காக நான் இவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கொடியில் காய்ந்த என் துண்டும் அப்படித்தான் போனது. கேட்டதற்கு, அது பழசு என்று நினைத்ததாகச் சொன்னார். உண்மையில் பழசுதான். இவர் கையில் கிழிபடாமல் தப்பியது, தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணி மட்டுமே.

அது மகன் பிரடெரிக் பாதிரியார் படிப்புக்காகக் குருமடத்தில் சேர்ந்த வருடம் வாங்கியது. குருப்பட்டத்தன்று ஆயர் புதுக் குருவின் உள்ளங்கைகளில் தைலம் பூசுவார். அதைத் துடைத்த துணியைத் தாயிடம் கொடுப்பார்கள். அவள் இறந்தால் அவள் கையில் வைத்துப் புதைப்பார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் துவண்டு கிடந்த பிரடெரிக்கைக் கெபியின் முன் கிடத்தி, பிழைத்தால் இவன் உமக்கே என்று நேர்ந்துகொண்டவர் பிரெசில்லா. அவர் பேசிய பேரங்களிலேயே பெரியது அதுதான். அதில் மட்டும் ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

குருமாணவர்களை ஊரே 'பிரதர்' என்று அழைக்கும். பெற்ற மகனைத் தாயும் அப்படி அழைத்து நான் கேட்டது இங்கேதான். "பிரதர், சாப்பிட வாங்க, கொழம்பு ஆறுது" என்பார். விடுமுறைக்கு வந்தவன் நெளிவான். அவன் அப்பா மரியதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பட்டத்துக்குக் கொஞ்ச காலமே இருக்கையில், போன தவக்காலத்தில், பிரடெரிக் பையோடு திரும்பி வந்துவிட்டான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. தனக்கு அந்த அழைப்பு இல்லை என்று வெகுநாள் ஜெபித்துத்தான் தெளிந்ததாகச் சொன்னான். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

பிரெசில்லா திட்டவில்லை, அழவுமில்லை. அழுதிருந்தால் தேவலை. கோயிலில் முன்வரிசையை விட்டுக் கடைசித் தூணோரம் போய் உட்கார்ந்தார். விரலுக்குத் துணி கட்டும்போது அந்தோணியாரோடு பேச்சு நின்றுபோனது. மகனை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. 'பிரதர்' இனி இல்லை. பெயரைச் சொல்லவோ வாய் வரவில்லை. தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "சோறு இருக்கு" என்பார். அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். என் வீட்டுச் சன்னல் வழியே இது தினமும் தெரியும்.

ஒரு நாள் கரையில் பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே பேசினார்.

"நான் குடுத்ததைத் திருப்பி அனுப்பிட்டீரேன்னு அந்தோணியாருட்ட சண்டை போடத்தான் போனேன் சார். போயி நின்னா எனக்கே வெக்கமா இருக்கு. புள்ளையக் குடுத்தது நெசம். ஆனா இவனை இன்ன மாதிரிதான் வச்சுக்கணும், இங்கனதான் நிப்பாட்டணும்னு இத்தனை வருசமா நானேல்ல சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். குடுத்த பெறகு எனக்கென்ன பேச்சு அதுல? வலி போயிருச்சான்னு மட்டும் கேக்காதீக. போகல."

மறுநாள் பேரம் இல்லை. விரல்கட்டு முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, "ஒம்ம விருப்பம்" என்றார். தண்ணீரில் இறங்கியவர் பழக்கம் விடாமல் திரும்பி, காற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் முங்கினார்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம் பிரடெரிக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஸ்பானர் வழுக்கி உள்ளங்கை கிழிந்திருந்தது. கழுவியும் போகாத கறுப்பு ஆயில், நடுவே ரத்தம். நான் அங்கே போனபோது பிரெசில்லா துணி தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு கந்தல்கூட இல்லை. எல்லாம் அவர் விரல்களுக்கே தீர்ந்திருந்தது. நான் என் கைக்குட்டையை நீட்டினேன். அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தார்.

அவர் எடுத்து வந்ததைக் கண்டதும் பிரடெரிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அது வேணாம்மா. அது நீங்க வச்சிருந்தது..."

"ஏலே பிரடெரிக்கு, கையக் காட்டு."

அவன் நீட்டினான். உள்ளங்கையையும் விரலிடுக்குகளையும் அவசரமில்லாமல் துடைத்தார். துணி கறுத்தது, சிவந்தது. பிறகு கறைபடாத ஒரு நுனியைப் பல்லில் கடித்து நீளமாகக் கிழித்து, மகன் கையைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.