இடப்பக்கம் ஊர்ந்த கை

நான் கதை அளப்பவன்தான். எங்கள் ஊர் மச்சாகோஸ் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: முதியானி கண்ட சிங்கம் லாரி உயரம், முதியானி பிடித்த மீனைத் தூக்க நாலு ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? ஆனால் இதில் ஒரு சொட்டுகூடக் கலப்படம் இல்லை. இது எனக்கு நடந்தது. பகல் வெளிச்சத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன்.

என் வேலை எலும்பு பொறுக்குவது. துர்கானா ஏரியின் மேற்குக் கரையில், மழை அரித்துப்போட்ட சரிவுகளில், கல்லாகிப்போன எலும்பு. அந்த வருஷம் எங்கள் தலைவி டாக்டர் சியோம்புவா. எங்கள் ஊர்ப் பெண். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

முந்தைய வருஷம் ஒரு சரிவில் அரைத் தாடை கிடைத்திருந்தது. முப்பது லட்சம் வருஷப் பழசு. அதற்குச் சொந்தக்காரன் நம்மைப்போல இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவன் என்று சியோம்புவா ஒரு பெரிய சபையில் சொல்லிவிட்டாள். தாடையை வைத்துக் காலுக்கு ஜோசியம் சொல்கிறாயா என்று அங்கே சிரித்தார்கள். 'குரங்குக்குச் செருப்புத் தைக்கிறவள்' என்று பெயரும் வைத்தார்கள். அவள் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு துண்டு போதும். தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலில் வந்து சேரும் இடம். அதன் சாய்வைப் பார்த்தாலே நிமிர்ந்து நடந்தானா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இரண்டு மாதம் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசி நாள் ஏரிக்கு அக்கரையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் சரிவே கரைந்து ஏரிக்குள் போய்விடும்.

"இன்னிக்கு விட்டா அவ்வளவுதான் மாமா," என்றாள்.

"விடமாட்டோம்."

மாலை நாலே முக்காலுக்குக் கடைசித் தடவையாக ஊர ஆரம்பித்தோம். அதுதான் எங்கள் முறை. ஏழு பேர் தோளோடு தோள் ஒட்டி, மண்டி போட்டு, கைகளை ஊன்றி, குழந்தைகளைப்போல ஊர்ந்தே போக வேண்டும். கண் தரையைவிட்டு எழக் கூடாது. சந்தேகமான துண்டு கிடைத்தால் தலையைத் தூக்காமலே பக்கத்து ஆள் உள்ளங்கையில் வைக்க வேண்டும். எல்லைக் கல் வரும்முன் எழுந்தவன் அன்றைக்கு அடிப்பிடித்த உகாலிக் களிப் பானையைக் கழுவ வேண்டும்.

இடது ஓரம் நான். எனக்கு வலப்பக்கம் சியோம்புவா. அவளுக்கு அந்தப்பக்கம் கியாலோ, வாய் ஓயாதவன்.

"யோவ் முதியானி, உன் முட்டி போடுற சத்தத்துல கெடக்குற எலும்பெல்லாம் முழிச்சுக்கப்போவுது."

"உன் குறட்டைக்கே எந்திரிக்காதது இதுக்கா எந்திரிக்கும்?"

சிரித்தார்கள். மேட்டில் எகிரு தன் குட்டி மர முக்காலியில் உட்கார்ந்திருந்தான். துர்கானாக்காரன், எங்கள் துப்பாக்கிக் காவல். எப்போதும் அவன் மேலே, நாங்கள் கீழே.

கொஞ்ச தூரம் போனதும் காற்று நின்றது.

அந்தக் கரையில் காற்று நிற்காது. கூடாரத்தையே தூக்கிப்போகும் காற்று அது. சட்டென்று, கதவைச் சாத்தியதுபோல, நின்றது.

அப்போதுதான் என் இடப்பக்கம் ஒரு கையைப் பார்த்தேன்.

சிறிய கை. கறுப்பு. என் கைக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் ஊன்றியிருந்தது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் சில சமயம் வந்து எங்களோடு விளையாட்டாக ஊர்வதுண்டு. அப்படித்தான் நினைத்தேன்.

"வரிசையக் கலைக்காம வரணும், தெரியுதா?" என்றேன், தலையைத் தூக்காமல்.



என் கை நகர்ந்தது. அதுவும் நகர்ந்தது. நான் கல்லைப் புரட்டினேன். அதுவும் புரட்டியது. புரட்டிய கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்தது. எங்கள் முறைப்படி. கச்சிதமாக.

ஒரு கூழாங்கல்லை எடுத்தது... கை மேலே போனது... ஸ்ஸ்... ஸ்ஸ்...

முகர்ந்து பார்க்கும் சத்தம்.

கல் திரும்ப வந்தது. விரல்களைப் பார்த்தேன். நீள விரல்கள். உள்ளே வளைந்திருந்தன. தரையில் கையைப் பதித்தபோதும் நிமிரவில்லை.

அந்த மாதிரி வளைந்த விரலெலும்புகளை நான் தொட்டிருக்கிறேன். மியூசியத் தட்டில். பஞ்சின்மேல். நம்பர் ஒட்டி.



கை எழுந்தது. திரும்ப ஊன்றவில்லை.

அது இருந்த இடத்தில்... இரண்டு பாதம்.

நின்றது.

நாங்கள் ஏழு பேரும் நாலு காலில். அது மட்டும் இரண்டு காலில்.

முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? கால் கட்டைவிரலை! முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்ய?

ஸ்ஸ்... என் பிடரிக்கு மேலே.

ஓடினேன்.

கத்தக்கூடத் தோன்றவில்லை. வண்டி நின்ற வேல மரம்வரை ஓடி, டயரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கூச்சல் கேட்டது. பயந்த கூச்சல் இல்லை. கல்யாண வீட்டுக் குலவை.

தட்டுத்தடுமாறிப் போனேன். சியோம்புவா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் உள்ளங்கையில் தொடை எலும்பின் கீழ்முனை. சின்னது. சாய்வு கண்ணுக்கே தெரிந்தது.

"மாமா! என் கையில வச்சுட்டு எங்க போயிட்டீங்க?"

"நான் வைக்கலம்மா."

"வெளையாடாதீங்க. எல்லைக் கல்லு வர்ற வரைக்கும் என் பக்கத்துலதானே ஊர்ந்தீங்க? ஒரு வார்த்தை பேசல. சளி பிடிச்ச மாதிரி மூக்க மட்டும் உறிஞ்சிட்டே இருந்தீங்க."

"நான் பாதியிலயே எந்திரிச்சு ஓடிட்டேன்."

கியாலோவைப் பார்த்தேன். என்னிடம் பானையைத் தள்ள அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"எங்க எந்திரிச்ச?" என்றான். "அவளுக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள் அசையறது தெரிஞ்சுட்டேதானே இருந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். சியோம்புவா சிரிக்கவில்லை. பேயா என்று கேட்கவில்லை. முகம் எப்படி என்று கேட்கவில்லை.

"கட்டைவிரல்?" என்றாள். "குரங்குக்கு மாதிரி விலகி நின்னுச்சா, சேர்ந்து இருந்துச்சா?"

"சேர்ந்துதான். நம்மள மாதிரி."

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பதிவேட்டில் கண்டெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினாள். வேறு யார் பெயரை எழுதுவது? இனி அவளைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வழியில் இருக்கும் ஆற்றை வெள்ளம் வருமுன் தாண்ட வேண்டும். மூட்டை முடிச்செல்லாம் மற்றவர்களோடு மறுநாள் லாரியில் வரட்டும் என்று மூன்று பேர் மட்டும் உடனே கிளம்பினோம். கியாலோ ஓட்ட, சியோம்புவா முன்னால். எலும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான். மழை பிடித்துக்கொண்டது. நல்ல குளிர். லோத்வார் ஊர் விளக்குகள் தெரியும்வரை பக்கத்தில் கிடந்த மூட்டையின்மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் திரும்பப் போனோம். எகிரு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"எங்க அந்தக் குட்டை ஆளு? இந்த வருஷம் வரலியா?"

"எந்த ஆளு?"

"நீ ஓடினதும் உன் எடத்துல குனிஞ்சு ஊர்ந்தானே."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ பார்த்தியா? ஏன்டா சொல்லல?"

"உங்க ஆளுன்னு நெனச்சேன். எல்லாரும் எந்திரிச்சப்ப அவனும் எந்திரிச்சான். உங்கள மாதிரியே முட்டியில மண்ணத் தட்டினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ பெட்டியத் தூக்கிட்டு வண்டியில ஏறின. அவன் உன் பக்கத்துல ஏறி உக்காந்தான்."

"எறங்கினானா?"

"அத நீதான் சொல்லணும்."

கியாலோவைக் கேட்டேன். அன்று பின்னால் பெட்டியைத் தவிர எதையும் ஏற்றவில்லை என்கிறான். ஒரு மூட்டைகூட இல்லையாம்.

நான் சாய்ந்து தூங்கியது... வெதுவெதுப்பாக இருந்தது.