உதறிப்போட்ட காக்கிச் சட்டை

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வீட்டுக்கு நாலு குடம். அதற்கும் குடுமிப்பிடிச் சண்டை. சோறு ஆக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைத் துணியை வாசலில் நன்றாக உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவோம். தூசு போய்விட்டால் ஒரே வாளியில் துவைத்து முடித்துவிடலாம். கல்யாணமான மறுவாரம் தொடங்கி இருபது வருஷம் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையை நான் அப்படித்தான் உதறினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் அவரும்தான்.

அவருக்கு எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை. பாய்லரிலிருந்து சூடான நீராவி போகிற குழாய்களுக்கு, ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்க் கயிற்றைச் சுற்றி, மேலே கல்நார்ப் பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். சாயங்காலம் ரயிலில் இறங்கி நடந்து வரும்போது புருவம், கைமுடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். "துண்ணூறு பூசின சாமி வந்துகினு கீதுடி" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வாள். அவருக்கோ பெருமை. "இந்தக் கயிற நெருப்புல போட்டாக்கூட எரியாது, தெரியுமாமே?" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் இருமல் பிடித்தது. நான் பழியைத் தூக்கிப் பீடியின் மேல் போட்டேன். கட்டுக் கட்டாகக் கால்வாயில் வீசினேன். என் வாய்க்குப் பயந்து மனுஷன் பீடியை விட்டேவிட்டார். இருமல் அவரை விடவில்லை. திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று நினைத்து, தினமும் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். "ஊதறதுக்கே மூச்சு இல்லமே" என்று சிரிப்பார். சிரித்ததற்கும் சேர்த்துத் திட்டுவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற நிலை வந்த பிறகுதான், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். "என்ன வேலை பாக்குறீங்க?"

இவர் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "கல்நார்த் தூசு உள்ள போயி, நுரையீரல் முழுக்கத் தழும்பாயிடுச்சு. அதைச் சரிபண்ண மருந்து இல்ல. இனிமே அந்த வேலைப் பக்கமே போகக்கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் துணியை யாரு துவைக்கிறது?"

"நான்தாம்மா."

"எப்படித் துவைப்பீங்க?"

வாசலில் நின்று உதறுவதைக் கையாலேயே செய்து காட்டினேன். டாக்டரின் முகம் மாறியது. "முதல்லயே நனைச்சிருந்தா தூசு பறந்திருக்காதேம்மா" என்றார். நனைக்கத் தண்ணிக்கு எங்கே போவது? அதை லாரிக்காரனிடம் போய்க் கேளுங்கள் என்று வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன பயன்? எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதினார்.

"அவளுக்கு இன்னாத்துக்கும்மா?" என்றார் இவர்.

"அவங்களும் இருபது வருஷமா அதே தூசைத்தானே சுவாசிச்சிருக்காங்க."

தன் நோய்க்குக் கலங்காத மனுஷன் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மூலையில் கிடந்த காக்கிச் சட்டையை வாளியில் போட்டு, ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்தார். "யோவ், சோறாக்கற தண்ணிய்யா!" என்று கத்தினேன். "பட்டினி கெடப்போம்" என்றார். சட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். "உன் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டனேமே" என்றார். அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை.

என் எக்ஸ்ரே முடிவைக் கேட்க நான் தனியாகத்தான் போனேன். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வு அங்கங்கே தடித்திருக்கிறது, இப்போதைக்குத் தொந்தரவில்லை, ஆனால் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ரயிலில் என்னைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை. இவரிடம் என்ன சொல்வது என்ற ஒரே யோசனைதான்.

வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்துவிட்டுப் போன இட்லி மூடியது மூடியபடி இருந்தது.

"இன்னா சொன்னாங்கோ?"

"ஒண்ணியும் இல்லய்யா. சுத்தமா கீதாம்."

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இங்க இன்னாமே வெள்ளையா கீது?"

"அது எலும்புய்யா. வந்துட்டாரு பெரிய டாக்டரு!"

அவர் சிரிக்கவில்லை. "என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணு" என்றார்.

பொய்ச் சத்தியம் செய்தால், யார் தலையில் கை வைத்தோமோ அவர் உயிர் போய்விடும். அப்படி நம்பித்தான் நான் வளர்ந்தேன். தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்தால்கூட முதுகில் ஒன்று வைப்பேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஐயோ, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அவர் உச்சந்தலையில் கையை அழுத்தி வைத்தேன்.

"உன் மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்லய்யா."

குழந்தை மாதிரி அழுதார். பிறகு ஆறிப்போன இட்லி ஆறையும் தின்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். நடுவில் ஒரு தடவை, என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். கடைசி வாரத்தில்கூட, "நல்லவேள, உனக்கு வர்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூசுதான் அவரைக் கொண்டுபோனது. டாக்டர் சொன்னார், என் புத்திக்கும் அது தெரியும். ஆனாலும் சில நாள் சோற்றில் கை வைக்கும்போது, பொய்ச் சத்தியம் செய்த கை இதுதானே என்று அப்படியே எடுத்துவிடுகிறேன். அவரே திரும்பி வந்து அதே வாசலில் உட்கார்ந்து கேட்டால்? அப்போதும் அவர் தலையில் கை வைப்பேன்.