தரையில் வைத்த பந்து

பசிபிக் தீவு நாடான டோங்காவில் ரக்பி ஆடி வளர்ந்த ஃபெதுலியை, அவனுடைய ஓட்டத்துக்காகவே அமெரிக்காவின் யூட்டாவில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் குழு எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். அங்கே தாண்டினாலே புள்ளி. ரக்பியில் அப்படியில்லை, பந்தைத் தரையில் அழுத்தினால்தான் கணக்கு. கோல் கம்பங்களுக்கு நேராக அழுத்தினால், கூடுதல் புள்ளிக்காக அடுத்து வரும் உதையும் சுலபம். பழக்கதோஷத்தில் அவன் கம்பங்கள் வரை ஓடிப் பந்தோடு குப்புற விழுந்தான். அரங்கமே சிரித்தது.

"ஆறு பாயிண்ட் அப்பவே வந்தாச்சு. அங்க போய் என்னடா நட்டுக்கிட்டு இருக்க?" என்றார் பயிற்சியாளர்.

சில வருடங்கள் நன்றாகவே ஆடினான். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினான். சர்ச் குழுக்களின் ரக்பி ஆட்டத்தில் ஆசையோடு அவனை இறக்கினார்கள். கோட்டைத் தாண்டியதும், அமெரிக்காவில் பழகியபடி பந்தை வானத்தில் எறிந்துவிட்டு நடனமாடத் தொடங்கினான். எதிரணிக்காரன் ஒருவன் சாவகாசமாக அதை எடுத்துக்கொண்டு போனான்.

மைதானத்தின் ஓரத்தில் இருந்து அத்தை எழுந்தாள். அப்பாவின் அக்கா. அவள் பேசினால் எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

"அங்க போய் தரையில வெச்சு மானத்த வாங்குன. இங்க வந்து வானத்துல எறியுற. நீ முன்னாடி வந்துடுற, உன் புத்தி மட்டும் அடுத்த கப்பல்லதான் வருமா?"

அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் ஃபெதுலி கோட்டைத் தாண்டி, கம்பங்களுக்கு நடுவே போய், பந்தைத் தரையில் அழுத்தி அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார். குழுவே வந்து முதுகில் தட்டியது.

"போதும், எந்திரி" என்று அத்தை சொன்ன பிறகுதான் எழுந்தான்.