நான்கு உருளைக்கிழங்குகள் தாங்கிய தார்ப்பாய்

மகளின் பிறந்தநாளுக்கென்று கணவர் வாங்கிய மடக்குக் கூடாரம் ஆக்லாந்துக் காற்றில் காலையிலேயே முறிந்தது. விறகை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை எடுத்துக் கொல்லையில் கட்டினேன். கயிறு கோத்திருந்த அதன் ஓரத்து வளையங்களும் காற்றில் பிய்ந்துபோயின.

"பேசாம வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம்," என்றார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. "இந்தச் சின்ன வீட்டுல வர்றவங்கள பாத்ரூம்லயா உக்கார வைப்பீங்க?"

சமையலறையிலிருந்து நான்கு உருளைக்கிழங்குகளை எடுத்து வந்தேன். மூலைக்கு ஒன்றாக வைத்து, தார்ப்பாயாலேயே பொதிந்து, அந்தப் பொதியின் கழுத்தில் கயிறு கட்டி வேலியோடு இழுத்து இறுக்கினேன்.

மதியம் காற்றோடு மழையும் கொட்டியது. ஒரு முடிச்சுகூட நழுவவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நனையாமல் பிரியாணி சாப்பிட்டார்கள். கணவர் மூலைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உருளைக்கிழங்கு வறுவல்," என்றேன் அவரிடம். "கயித்த நீங்களே அவுத்துட்டு வாங்க."